மகன் வளர்ந்துவிட்டான், அவனுடைய பழைய வில்லும் அம்புகளும் இப்போது சின்னதாகிவிட்டன. தூக்கிப் போட மனமில்லை, வேறு எதற்குப் பயன்படுத்தலாம்?

முதலில், உண்மையிலேயே எது சின்னதாகிவிட்டது என்று பாருங்கள். கழற்றி மாட்டும் ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) என்றால் ரைசரை, அதாவது நடுக் கைப்பிடியைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது, லிம்ப்களை, அதாவது மேலும் கீழும் வளையும் கரங்களை மட்டும் மாற்றினால் போதும். அதிலும் ஐஎல்எஃப் (பல கம்பெனிகளுக்கும் பொதுவான லிம்ப் பொருத்தும் முறை) உள்ளது என்றால் வேறு கம்பெனி லிம்பும் அதில் உட்காரும்.

லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது இழுக்கத் தேவைப்படும் விசை, பொதுவாக 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. இழுப்பு குறையக் குறைய பவுண்டும் குறையும். 24 அங்குலம் இழுத்துக்கொண்டிருந்த பையனுக்கு 20 பவுண்டு லிம்ப் கொடுத்தது அதைவிடக் குறைவுதான், 28 அங்குலம் இழுக்கும் அளவு கை நீண்டதும் அதே லிம்ப் 20 கொடுக்கும். அதனால் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். ஒதுக்கினாலும் விற்காதீர்கள் என்பேன். லேசான லிம்ப் ஒரு ஜோடி வீட்டில் இருப்பது பெரிய வசதி: நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப ஆரம்பிக்க, வார்ம்அப் செய்ய, அப்புறம் இலக்குத் தாளே இல்லாமல் அம்பு பாயும் இலக்கு மெத்தைக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ரிலீஸை, அதாவது நாணை விடுவதை மட்டும் பழக.

அம்பு விஷயம் வேறு. நீளம் போதாத அம்பை முழுசாக இழுத்தால் முனை ரெஸ்ட்டை, அதாவது வில்லில் அம்பு தாங்கும் இடத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடும், விட்டால் வில்லிலோ கையிலோ மோதும். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்பது இதில் கிடையாது. அவனைவிடச் சின்னப் பிள்ளை யாராவது பழகினால் கொடுங்கள், ஆனால் அந்த வில்லுக்கு ஒத்துவருமா என்று கோச் பார்க்கட்டும். கொடுக்கும் முன் கார்பன் அம்பை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து லேசாக வளைத்துச் சுழற்றுங்கள், சின்ன நொறுங்கல் சத்தம் வந்தாலும் அது அம்பு இல்லை, குப்பை.

அலுமினிய அம்புகள் செடிக்கு முட்டுக் கொடுக்க அருமை, துருப்பிடிக்காது, முனையைக் கழற்றிவிட்டு நட்டால் போதும். கார்பனை அப்படி நட எனக்கு இஷ்டமில்லை, உடைந்தால் ஊசி ஊசியாகப் பிரிந்து தோலில் ஏறும். அறுக்கிறேன் என்று இறங்கினால் மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அம்புக்கூடு பெயின்ட் பிரஷ், சுருட்டிய வரைபடம் எல்லாம் போட்டுவைக்க நன்றாக இருக்கும். பழைய இலக்கு மெத்தையை வெட்டினால் தோட்ட வேலைக்கு முழங்கால் மெத்தை.

காம்பவுண்ட் வில் (கப்பியும் கேபிளும் உள்ள வில்) என்றால் நீங்களாகப் பிரிக்காதீர்கள், பிரஸ் (லிம்பை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் கேபிளைக் கழற்றுவது ஆபத்து. பல மாடல்களில் இழுப்பு நீளத்தையே கூட்டிக்கொள்ளலாம், கடையில் கேட்டுப் பாருங்கள்.

விரிசல் விழுந்த லிம்பை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். குறுக்கே அறுத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்து நாண் பூட்டிப் பார்ப்பார்கள்.