ஒரே ஆண்டுக்கு மூன்று கொலைக் கணக்குகள்: எதை நம்புவது?

கேள்வி: மெக்சிகோவின் போதைக் கும்பல் வன்முறை பற்றி 2023-ஆம் ஆண்டை வைத்து ஒரு கட்டுரை எழுதுகிறேன். கொல்லப்பட்டவர்கள் ஒரு செய்தியில் 29 ஆயிரத்துச் சொச்சம், இன்னொன்றில் 31,062, வேறொன்றில் 32,252. எதை எடுப்பது? இவர்கள் எல்லோரும் கார்டெல்கள் (போதைக் கும்பல்கள்) கொன்றவர்களா?

பதில்: மூன்று எண்களுமே அரசுக் கணக்குகள்தான், எதுவும் பொய்யில்லை. ஆனால் எதையும் ‘கார்டெல் கொலைகள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

29 ஆயிரத்துச் சொச்சம் என்பது வழக்குகளில் கொல்லப்பட்டவர்களாகப் பதிவானோரின் கணக்கு. மாநில அரசு வழக்குத் துறைகள் கொலை என்று பதிவு செய்பவற்றை மத்தியப் பொதுப் பாதுகாப்புச் செயலகம் தொகுத்து, பெரும்பாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதியை ஒட்டி வெளியிடுகிறது. மற்ற இரண்டும் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இனேகியின் எண்கள். இனேகி முக்கியமாகப் பார்ப்பது இறப்புச் சான்றிதழை. 2024-இல் முதலில் வந்த தற்காலிகக் கணக்கு 31,062. விடுபட்ட சான்றிதழ்கள் சேர்ந்து, சரிபார்த்த பின் வந்தது 32,252. ஆண்டுக் கட்டுரைக்கு இந்தக் கடைசி எண்ணையே எடுங்கள். மாதவாரியாகப் போக்கைக் காட்ட வேண்டுமானால் செயலகத்தின் எண். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்தால், நடக்காத ஏற்றமோ இறக்கமோ தெரியும்.

வித்தியாசம் எங்கே பிறக்கிறது? வாய்க்கால் ஓரம் அழுகிய சடலம் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். குண்டுக் காயம் தெளிவாக இருந்தால் கொலை வழக்கு. இல்லாவிட்டால் ‘உயிருக்கும் உடலுக்கும் எதிரான பிற குற்றங்கள்’ என்ற தலைப்பில் வழக்குக் கோப்பு போய் உட்காரலாம். மருத்துவருக்கும் அதே சிக்கல். சர்வதேச நோய்ப் பட்டியலில் எக்ஸ் 85 முதல் ஒய் 09 வரை கொலை. ஒய் 10 முதல் ஒய் 34 வரை ‘நோக்கம் தீர்மானிக்கப்படாத மரணம்’. கொலை குறைந்ததாகச் சொல்லும் மாநிலத்தில் இந்த இரண்டாவது வரிசை அதே ஆண்டு வீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் ‘அமைதி திரும்பியது’ என்று எழுதக் கூடாது.

செயலகத்தின் அட்டவணையில் இன்னொரு பொறி உண்டு. வழக்குகள் ஒரு கோப்பு, கொல்லப்பட்டவர்கள் இன்னொரு கோப்பு. ஒரே வழக்கில் பலர் இருக்கலாம். 2010 ஆகஸ்டில் வடகிழக்கு மெக்சிகோவின் சான் ஃபெர்னாண்டோவில் 72 புலம்பெயர்ந்தோர் கொல்லப்பட்டார்கள். வழக்கை மட்டும் எண்ணினால் இப்படி ஒரு படுகொலையே ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடும். கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை அந்த அட்டவணையில் 2015 முதல்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட இனேகிக்குத்தான் போக வேண்டும்: 2007-இல் 8,867, 2011-இல் 27,213, 2018-இல் 36,685. 2006 டிசம்பரில் கும்பல்களை ஒடுக்க மிச்சோவகான் மாநிலத்துக்கு ராணுவம் அனுப்பப்பட்ட பிறகு என்ன நடந்தது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லும்.

கார்டெல் என்ற நெடுவரிசை செயலகம், இனேகி இரண்டின் அட்டவணைகளிலும் கிடையாது. சான்றிதழில் சுட்டது யார் என்று இருக்காது. பெரும்பாலான வழக்குகள் தீர்ப்பு வரை போவதுமில்லை. மத்திய அரசு ஒருமுறை தனியாக எண்ணி, 2006 டிசம்பர் முதல் 2010 இறுதி வரை 34,612 பேர் என்று வெளியிட்டது. பிறகு அந்த வழக்கத்தைக் கைவிட்டது. இன்று ‘இத்தனை சதவீதம் கார்டெல் கொலை’ என்று வருவதெல்லாம் நாளிதழ்களும் ஆலோசனை நிறுவனங்களும் கொலை நடந்த விதத்தைப் பார்த்துப் போடும் மதிப்பீடு. பயன்படுத்தலாம், மதிப்பீடு என்று சொல்லிவிட்டு.

நாட்டு மொத்தம் ஒரு பரபரப்பைத்தான் தரும், விளக்கம் தராது. 32,252-ஐ சுமார் 13 கோடி மக்கள்தொகைக்கு வகுத்தால் லட்சத்துக்கு 25 வரும். ஆனால் ஏழரை லட்சம் பேர்கூட இல்லாத கொலிமா மாநிலத்தில் அந்த விகிதம் 100-ஐத் தாண்டியது. அங்கேதான் மன்சானில்லோ துறைமுகம். செயற்கைப் போதைக்கான ரசாயனங்கள் ஆசியாவிலிருந்து இறங்கும் வாசல். மொத்த எண்ணிக்கையில் முன்னால் நின்றது குவானஹுவாட்டோ. அங்கே சாந்தா ரோசா தெ லிமா கும்பல் வளர்ந்தது போதையால் அல்ல, சாலமாங்கா சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் குழாய்களைத் துளைத்து எரிபொருள் திருடியதால். ‘எல்லாம் அமெரிக்காவுக்குப் போகும் போதைக்காக’ என்று ஒரே வரியில் முடித்தால் இந்த மாநிலமே உங்கள் கட்டுரையில் விளங்காமல் போகும்.

இனி காணாமல்போனோர். இதை விட்டுவிட்டு எழுதும் எந்த ஆண்டுக் கணக்கும் அரைக் கணக்குதான். சடலம் இல்லையென்றால் பெரும்பாலும் கொலை வழக்கு இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை. அமிலத்தில் கரைப்பதும் எரிப்பதும் ரகசியக் குழியில் புதைப்பதும் கும்பல்களின் நடைமுறை. அதனால் கொலை எண்ணிக்கை தானாகவே குறைந்து காட்டும். தேசியப் பதிவேட்டில் காணாமல்போனோர் 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். 2023 டிசம்பரில் அரசு அந்தப் பட்டியலை மறுபரிசீலனை செய்து, ‘உறுதிப்படுத்தப்பட்டவர்கள் 12,377 பேர்’ என்றது. மீதிப் பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை. பெரும்பகுதியினர் போதிய தகவல் இல்லாதவர்கள், தேடத் தடயம் இல்லாதவர்கள் என்று வேறு தலைப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். குடும்பங்கள் கொதித்ததில் வியப்பில்லை.

அந்தக் குடும்பங்களின் தாய்மார்தான் இன்றும் தேடுகிறார்கள். இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் தரைக்குள் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். அழுகல் வாடை வந்தால் அங்கே தோண்டுவார்கள். இப்படிக் கிடைக்கும் எலும்பு அடையாளம் காணப்பட்டுச் சான்றிதழ் பெறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த மரணம் 2023-இல் நடந்திருந்தாலும் உங்கள் 32,252-க்குள் அது இருக்காது.

எண்ணிக்கை குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரே கும்பல் ஊரை முழுதாகப் பிடித்துவிட்டால் சண்டை ஓயும், மிரட்டிப் பணம் பறிப்பது நிற்காது. தலைவன் பிடிபட்டால் தலைகீழ். 2024 ஜூலை 25-இல் சினலோவா கார்டெலின் தலைவர்களில் ஒருவரான இஸ்மாயில் சம்படா அமெரிக்காவில் கைதானார். செப்டம்பர் 9 முதல் சினலோவா மாநிலத் தலைநகர் கூலியாக்கானில் அவர் தரப்பும், அதே கார்டெலின் முன்னாள் தலைவர் ‘எல் சாப்போ’ குஸ்மானின் மகன்கள் தரப்பும் மோதின. ஓராண்டுக்குள் அங்கே கொலைகளும் காணாமல்போனவர்களும் தனித்தனியே ஆயிரத்தைத் தாண்டின. ஆகவே அந்த செப்டம்பர், அக்டோபரை அடிப்படையாக வைத்து ‘இத்தனை சதவீதம் குறைந்தது’ என்று வரும் அறிவிப்புகளை அப்படியே எடுக்காதீர்கள். மார்ச்சை முந்தைய மார்ச்சோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் கட்டுரையின் முதல் பத்திக்கு இந்த வாக்கியம் போதும்: “இனேகியின் இறுதிக் கணக்குப்படி 2023-இல் மெக்சிகோவில் 32,252 பேர் கொல்லப்பட்டார்கள்; இதில் கும்பல்களின் பங்கு தனியாகப் பதிவாகவில்லை, காணாமல்போனோர் இதில் சேரவில்லை.” அதே வரியின் கீழே, பதிவேட்டிலுள்ள எண்ணையும் அதைப் பார்த்த தேதியையும் போடுங்கள். அந்தப் பதிவேடு தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்.