முதல் டிசம்பருக்கு எந்தக் கிறிஸ்துமஸ் படக்கதை?

அன்புள்ள தங்கைக்கு வணக்கம்.

ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு வந்து, நான்கு வயது மகளைத் தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டான ரிசப்ஷன் வகுப்பில் சேர்த்திருப்பதாகவும், பிள்ளைகள் ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் படக்கதைப் புத்தகத்தைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தமக்குள் மாற்றிக்கொள்ள வேண்டுமென்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எதை வாங்குவது, வீட்டில் எதைப் படித்துக்காட்டுவது, கிறிஸ்தவர் அல்லாத குடும்பம் இவற்றைப் படிக்கலாமா, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் பிள்ளைக்கு இந்தக் கதைகள் பிடிபடுமா என்று கேட்டிருந்தீர்கள். லண்டனின் குரோய்டன் பகுதியில் பிள்ளைகளை வளர்த்து, அவர்களுக்காக வாங்கிய புத்தகங்களை இப்போது அக்காள் பேரனுக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வீட்டுக்கு முதலில் எடுத்துவர வேண்டியது, என்னைக் கேட்டால், ஒரு சொல்கூட இல்லாத புத்தகம். ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட 'தி ஸ்னோமேன்' முழுவதும் வண்ணப் பென்சிலால் வரைந்த சிறுசிறு கட்டங்களால் ஆனது. கதையைச் சொல்லும் பொறுப்பு முழுக்க முழுக்கப் படிப்பவருடையது என்பதால், நீங்கள் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தமிழிலேயே சொல்லலாம்; உச்சரிப்பைப் பற்றிய கூச்சத்துக்கும் அங்கே வேலையில்லை. சிறுவன் ஒருவன் செய்த பனிமனிதன் நள்ளிரவில் உயிர்பெற்று வீட்டுக்குள் வந்து, பெற்றோரின் படுக்கையறையில் கண்ணாடித் தம்ளரில் கிடக்கும் பல்செட்டை எடுத்துத் தன் வாயில் மாட்டிப் பார்க்கிறான். என் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டவே விடமாட்டாள். "அது யாரோட பல்லு? பல்லைக் கழட்டி வெச்சிட்டு எப்படித் தூங்குறாங்க? நம்ம தாத்தாவும் கழட்டுவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் தூங்கும் நேரம் வந்துவிடும். எழுத்துள்ள புத்தகத்தில் இந்தப் பேச்சு இவ்வளவு தாராளமாக நடப்பதில்லை. அடுத்த வரி காத்திருக்கிறது என்று நாம் அவசரப்படுத்திவிடுகிறோம்.

அந்தப் புத்தகத்தில் உண்மையில் கிறிஸ்துமஸே கிடையாது. பனிமனிதனும் சிறுவனும் பிரைட்டன் கடற்கரைப் பாலத்துக்குத்தான் பறந்துபோகிறார்கள். 1982இல் சேனல் 4 தொலைக்காட்சிக்காக எடுத்த அசைபடத்தில்தான் கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சேர்த்தார்கள். அது முதல் நாடு முழுவதும் இதைக் கிறிஸ்துமஸ் கதையாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. கடைசிப் பக்கத்தில் பனிமனிதன் உருகிப்போய்த் தொப்பியும் கழுத்துத்துணியும் மட்டும் கிடக்கும். சில பிள்ளைகள் அழுதுவிடும் என்பதற்காக அந்தப் பக்கத்தை மறைக்கும் தாய்மார்களை நான் அறிவேன். மறைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள்.

அடுத்தது ஜூலியா டொனால்ட்சன் எழுதி ஆக்ஸல் ஷெஃப்லர் படம் வரைந்த 'ஸ்டிக் மேன்' (2008). குச்சி மனிதன் ஒருவன் நாயின் வாயில் அகப்பட்டு, ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு, அன்னத்தின் கூட்டில் செருகப்பட்டு, கடைசியில் யாரோ வீட்டுக் கணப்படுப்பில் விறகாகக் கிடக்கும்போது, புகைபோக்கியில் சிக்கிக்கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தாவை விடுவித்துத் தன் குடும்பத்திடம் திரும்புகிறான். சந்தத்தோடு வரும் வரிகள் திரும்பத் திரும்ப வருவதால், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகூட இரண்டு மூன்று இரவுகளில் கூடவே சொல்லத் தொடங்கிவிடும். முதல் நாள் படங்களைக் காட்டித் தமிழில் கதையைச் சொல்லுங்கள். மறுநாள் முதல் ஆங்கில வரிகளைப் படியுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகவே பொருள் தந்துகொள்ளும். வீட்டில் தமிழில் கதை சொல்வது பள்ளி ஆங்கிலத்தைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடமே கேளுங்கள். வீட்டுமொழியை விட்டுவிடாதீர்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

ஜூடித் கெர் 1976இல் எழுதிய 'மாக்'ஸ் கிறிஸ்மஸ்' உங்களுக்கே பயன்படும் என்று நினைக்கிறேன். வீடு நிறைய உறவினர்கள் வந்து, எல்லாரும் ஏதோ வேலையில் மும்முரமாக இருக்க, தன்னை யாரும் கவனிக்காததால் கலங்கிப்போன பூனை ஒன்று, ஒரு மரம் தானே நடந்து வருவதைப் பார்த்து மிரண்டு கூரைமேல் ஓடிவிடுகிறது. டிசம்பரில் வீட்டுக்குள் மரத்தைக் கொண்டுவரும் ஊருக்குப் புதிதாக வந்திருப்பவருக்குப் பூனையின் நிலைமை எளிதில் புரியும்! இப்படிப்பட்ட கதைகளின் படங்களில்தான் கட்டில் முனையில் தொங்கும் காலுறை, சாப்பாட்டு மேசையில் இருவர் இழுத்து வெடிக்கும் கிராக்கர் என்ற காகிதக் குழல், அதற்குள்ளிருந்து வரும் காகித மகுடம், கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் ரெயின்டீர் மான்களுக்காக வைக்கும் கேரட் எல்லாம் இருக்கும். பள்ளியில் உங்கள் மகள் இவற்றைப் பற்றித்தான் மாதம் முழுவதும் கேட்கப்போகிறாள். அவள் வந்து சொல்லும்போது உங்களுக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கும்.

இந்த ஆண்டு வேண்டாம் என்று நான் ஒதுக்கும் நல்ல புத்தகங்களும் உண்டு. ஜானட், ஆலன் ஆல்பர்க் தம்பதியரின் 'தி ஜாலி கிறிஸ்மஸ் போஸ்ட்மேன்' (1991) கைவேலைப்பாட்டில் அருமையானது. பக்கங்களே உறைகளாக இருந்து, உள்ளே உருவி எடுத்துப் படிக்கக் கடிதங்களும் சிறு விளையாட்டுகளும் இருக்கும். ஆனால் அந்தக் கடிதங்கள் போய்ச்சேர்வது ஹம்ட்டி டம்ட்டி போன்ற மழலைப்பாட்டு, தேவதைக்கதை மாந்தர்களுக்கு. அவர்களை அறியாத பிள்ளைக்கு நகைச்சுவை பாதி போய்விடும். ஒரு வருடம் வகுப்பில் அந்தப் பாட்டுகளைப் பாடிவிட்டு வரட்டும், அடுத்த டிசம்பரில் வாங்குங்கள். பழைய பிரதி வாங்கினால் உறைகளுக்குள் எல்லாத் தாள்களும் இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். 1823இல் அமெரிக்கப் பத்திரிகையில் முதலில் வந்த, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டு ஆண்டுதோறும் புதுப்புதுப் படங்களோடு கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். மொழி பழையது, நான்கு வயதுக்குக் கனமானது.

பொம்மையோடு பெட்டியில் வரும் 'தி எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' என்ற அமெரிக்கப் புத்தகத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். பிள்ளை நல்லபடி நடக்கிறதா என்று அந்தப் பொம்மை கண்காணித்து ஒவ்வோர் இரவும் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருமாம்; அதற்காகப் பெற்றோர் இரவுதோறும் அதை இடம் மாற்றி வைக்க வேண்டும். பிள்ளையை மிரட்டும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. அது ஒருபுறம் இருக்க, இரவுப்பணி முடிந்து வருகிற உங்களுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

இனி மதத்தைப் பற்றி. கடைகளில் நீங்கள் பார்க்கப்போகும் கிறிஸ்துமஸ் படக்கதைகளில் மிகப் பெரும்பாலானவை பனி, மரம், தாத்தா, விலங்குகள் பற்றியவை. இயேசுவின் பிறப்பைச் சொல்பவை தனி வகை, அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றையும் விலக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ரிசப்ஷன் பிள்ளைகள் பெரும்பாலான பள்ளிகளில் டிசம்பரில் பிறப்பு நாடகம் போடுவார்கள்; உங்கள் மகள் ஆட்டுக்குட்டியாகவோ நட்சத்திரமாகவோ மேடையேறலாம், கதை தெரியாமல் ஏறுவதைவிடத் தெரிந்து ஏறுவது நல்லது. நிக்கோலஸ் ஆலனின் 'ஜீசஸ்' கிறிஸ்மஸ் பார்ட்டி' (1991) அந்தக் கதையை, தூங்கவிடாமல் மீண்டும் மீண்டும் கதவு தட்டப்படுவதால் எரிச்சலடையும் சத்திரக்காரனின் (இயேசுவின் பெற்றோர் தங்க இடம் கேட்டுப் போன சத்திரம்) பக்கத்திலிருந்து சொல்கிறது. சிரிப்பும் வரும், கதையும் கெடாது. ஊரில் கிறிஸ்துமஸ் குடில் பார்த்த பிள்ளையாக இருந்தால் அதை நினைவூட்டிச் சொல்லலாம்.

கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா என்று அவள் கேட்பாள். சிறு பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எல்லாம் அவர் உண்மை என்றே பேசும், ஆசிரியர்களும் அப்படியே பேசுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவாக இருந்தாலும் சரி, "அதெல்லாம் பொய், அப்பா அம்மாதான் பரிசு வாங்கி வைப்பார்கள்" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டால், மறுநாளே அவள் அதை வகுப்பு முழுவதும் ஒலிபரப்பிவிடுவாள்; பள்ளி வாசலில் மற்றத் தாய்மார்களின் முகம் பார்க்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். "கதையில் அப்படித்தான் வருகிறது, நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

வீட்டில் படிப்பதற்கு எதையும் வாங்க வேண்டாம், நூலகத்தில் எடுங்கள். உறுப்பினர் அட்டை இலவசம், கைக்குழந்தைக்குக்கூடக் கொடுப்பார்கள். பிள்ளைகளின் புத்தகம் தாமதமானால் நூலகங்களை நடத்தும் உள்ளாட்சிக் கவுன்சில்கள் பல அபராதமும் வாங்குவதில்லை. மடிப்பைத் திறந்து பார்க்கும் புத்தகங்களை நூலகத்தில் எடுத்தால், முன்பு எடுத்த பிள்ளைகள் கிழித்து, நூலகர் செல்லோடேப்பால் ஒட்டியதும் சேர்ந்தே வரும். அதைப் பார்த்து உங்கள் மகள் கிழித்துவிடுவாளோ என்று பயப்படாதீர்கள், நூலகர்களுக்கு அது பழகிப்போன விஷயம். ராட் காம்பெல்லின் 'டியர் சான்டா' அந்த வகையில் மிகச் சிறியவர்களுக்கு ஏற்றது. கிறிஸ்துமஸ் புத்தகங்களுக்கு டிசம்பர் பிறந்தவுடன் கிராக்கி அதிகம் என்பதால், நவம்பரிலேயே இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள்.

வகுப்பில் மாற்றிக்கொள்ளும் புத்தகத்தை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லட்டைப் படக்கதையின் பின்புறம் 7.99 பவுண்டு என்றோ அதையொட்டியோ அச்சிட்டிருக்கும்; சூப்பர்மார்க்கெட்டில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கடிதத்தில் விலை வரம்பு போட்டிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். எந்த வீட்டுக்குப் போகும் என்று தெரியாததால் மதக்கதையைத் தவிர்த்துவிடுங்கள். பெயரும் வாழ்த்தும் உள்பக்கத்தில் எழுத வேண்டாம். டொனால்ட்சனின் 'தி கிறிஸ்மஸ் பைன்' (2021) எனக்குப் பிடித்த தேர்வு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக நார்வே 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்பி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தப்படும் மரத்தின் கதை அது. இரண்டு பிரதி வாங்கினாலும் தகும்; ஒன்றை வீட்டில் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துப்போய் மரத்தையே காட்டிவிடலாம்.

நூலகங்கள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் பல நாட்கள் மூடியிருக்கும். 25ஆம் தேதி லண்டனில் ரயிலும் பஸ்ஸும் ஓடாது, கடைகளும் அநேகமாகத் திறக்காது. ஆகவே விடுமுறைக்கு முந்தைய வாரமே ஒரு பை நிறையப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நாள் முழுவதும் நீங்களும் மகளும் வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள்.