சூப்பர்ஸ்டிரிங் கோட்பாட்டின் சூப்பர்சிம்மெட்ரி உருமாற்றத்தைச் சரிபார்த்துவிட்டால், சூப்பர்சிம்மெட்ரி இருப்பதாக ஆகிவிடுமா? துகள் மோதல் ஆய்வுகளில் இணைத்துகள்கள் அகப்படாததால் அது பொய்த்துவிட்டதா?

அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் கொள்வது சூப்பர்ஸ்டிரிங் கோட்பாடு. விசைகளைத் தாங்கும் போசான் வகையையும் பொருளை ஆக்கும் ஃபெர்மியான் வகையையும் ஒன்றோடொன்று மாற்றும் சமச்சீர்மை சூப்பர்சிம்மெட்ரி. அது ஒவ்வொரு துகளுக்கும் எதிர்பார்க்கும் மறுவகை ஜோடியே இணைத்துகள். முதல் கேள்விக்கு, ஒரு வகையில் ஆகும், தாங்கள் நினைக்கும் வகையில் ஆகாது என்பதே விடை. தாங்கள் முதுகலை இயற்பியல் படிப்பவர் என்றும், எங்கோ கிடைத்த விரிவுரைக் குறிப்பில் ‘எளிதில் காட்டலாம்’ என்று ஆசிரியர் எழுதிவிட்டு நகர்ந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. அதே கேள்வியை வேறு தொனியில், மாணவர்கள் முன்னிலையில் எதிர்கொள்ள நேர்ந்தவன் நான்.

மதுரை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நான் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது, துறைக் கருத்தரங்கில் இந்த உருமாற்றத்தைப் பற்றிப் பேசினேன். மின்சாரம் போய்விட்டதால் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். இழை நகரும்போது வரையும் இரு பரிமாணப் பரப்பு உலகத்தளம் எனப்படும். அதன்மேல் எக்ஸ் என்னும் போசான் புலமும் சை என்னும் ஃபெர்மியான் புலமும் உள்ளன. உருமாற்றத்தின்போது எக்ஸின் மாற்றம் எப்சிலானும் சையும் சேர்ந்த பெருக்கமாகவும், சையின் மாற்றம் எக்ஸின் வகைக்கெழுவை எப்சிலானால் பெருக்கியதாகவும் அமையும். எப்சிலான் இடம் மாறினால் குறி மாறும் எண். இரண்டாவது வரியில் மட்டும் வகைக்கெழு ஏன் வருகிறது என்று பேரையூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். இரு பரிமாணத்தில் எக்ஸின் நிறைப்பரிமாணம் (நிறையின் எத்தனையாவது படி என்னும் கணக்கு) சுழி, சைக்கு அரை, எப்சிலானுக்குக் குறை அரை. ஆகவே எக்ஸிலிருந்து சைக்குப் போக ஒன்று குறைகிறது, அதை வகைக்கெழுதான் நிரப்ப வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அந்தக் கருத்தரங்கில் எனக்கு நிறைவளித்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

அப்போது தலைமை வகித்தவர், ஜெனீவாவில் துகள்களை மோதவிட அத்தனை கோடி செலவழித்தும் ஓர் இணைத்துகளைக்கூடக் காணவில்லையே, செத்துப்போன சமச்சீர்மைக்கு எதற்கு இவ்வளவு சாக்குக்கட்டி என்றார். அரங்கம் சிரித்தது. நான் சொன்ன விடை மின்விசிறிகள் மீண்டும் சுழலத் தொடங்கிய இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே அதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

ஓர் உருமாற்றத்தை எப்சிலான் ஒன்றாலும், அடுத்ததை எப்சிலான் இரண்டாலும் செய்து, வரிசையை மாற்றிச் செய்ததைக் கழித்துப் பாருங்கள். எக்ஸுக்கு எஞ்சுவது ஒரு நகர்வு. அது உலகத்தளத்தின்மேல் நிகழும் நகர்வே தவிர, நாம் வாழும் காலவெளியில் நிகழ்வதன்று. எந்தச் சூப்பர்சிம்மெட்ரியைக் கண்டாலும் அது எந்த நகர்வில் போய் முடிகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு பெயரும் ரேஷன் அட்டையில் வேறு பெயரும் உடையவரைப் போல, சை உலகத்தளத்தில் ஸ்பைனராகவும் (ஃபெர்மியானுக்கு உரிய, ஒரு முழுச் சுற்றில் குறி மாறும் அளவு) காலவெளியில் வெக்டராகவும் (திசையுள்ள அளவு) நடந்துகொள்கிறது. தாங்கள் சரிபார்த்தது வீட்டுக்குள் நடக்கும் கணக்கு.

அதனால் அந்தக் கணக்கு பயனற்றது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1971இல் ராமோண், நெவ்யூ, ஸ்வார்ஸ் ஆகியோரிடமிருந்து வந்த இந்த அமைப்பில், எப்சிலானை இடத்துக்கு இடம் மாறவிட்டால் கிடைக்கும் கட்டுப்பாடுகளே எதிர்மறை நிகழ்தகவுள்ள நிலைகளை நீக்குகின்றன. பத்துப் பரிமாணம் என்ற எண்ணும் அங்கிருந்துதான் வருகிறது: உலகத்தளத்தின் சமச்சீர்மையைக் குலைக்கும் குவாண்டம் மிச்சத்துக்கு ஒவ்வோர் எக்ஸ்-சை இணையும் ஒன்றரை தருகிறது, கணக்குக்காக மட்டும் சேர்க்கும் ‘பேய்ப் புலங்கள்’ குறை பதினைந்து தருகின்றன, இரண்டும் ஈடாகப் பத்து இணைகள் வேண்டும்.

காலவெளியின் சூப்பர்சிம்மெட்ரி தனியாக ஈட்ட வேண்டியது. அதற்கு கிளியோஸி, ஷெர்க், ஆலிவ் மூவரும் 1976-77இல் கொடுத்த வடிகட்டல், அதாவது இழையின் சில நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கும் விதி, தேவைப்பட்டது. அதைச் செய்தபின், திறந்த இழையின் நிறையற்ற மட்டத்தில் 8 போசான் நிலைகளும் 8 ஃபெர்மியான் நிலைகளும், அடுத்த மட்டத்தில் 128க்கு 128ம் நிற்கின்றன. எல்லா மட்டங்களிலும் இந்தச் சமன்பாடு நிலைப்பதற்கு, இழைகளைப் பற்றிய பேச்சே இல்லாத 1829இல் யாக்கோபி எழுதிவைத்த முற்றொருமை ஒன்றே ஆதாரம். வடிகட்டலை வேறு விதமாகச் செய்தால் பூஜ்ய வகைக் கோட்பாடுகள் கிடைக்கும். அவற்றில் உலகத்தளச் சூப்பர்சிம்மெட்ரி குறையின்றி இருக்கும், காலவெளியில் ஒரு ஃபெர்மியான்கூட இராது. ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தே தீரும் என்பார்க்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியாது.

ஆகவே மோதல் ஆய்வுகள் தேடுவது காலவெளிச் சூப்பர்சிம்மெட்ரியை, அதிலும் அந்த ஆற்றல் எல்லைக்குள் இணைத்துகள்களைக் காட்டக்கூடிய வடிவத்தை. அவை அகப்படாதது அத்தகைய மாதிரிகளுக்குப் பெரிய அடிதான், மறுக்கவில்லை. உலகத்தளத்தின் எக்ஸ்-சை உறவை அந்தத் தேடல் தொடவே இல்லை. இழைக் கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டதென்று நான் எங்கும் சொல்லவில்லை என்பதையும் பின்னூட்டமிட வரும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும். கௌரவ விரிவுரையாளர் பேசினால் கேள்வியைவிடச் சிரிப்பு முந்திவிடும் துறைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

தங்கள் கணக்குக்கு வருகிறேன். சையின்மேல் அதே கழித்தலைச் செய்தால் நகர்வோடு ஒரு மிச்ச உறுப்பும் வரும். அது சையின் இயக்கச் சமன்பாட்டுக்கு விகிதத்தில் இருப்பதால், சமன்பாட்டைப் பயன்படுத்தினால் மறையும். அதைப் பயன்படுத்தாமலே மறைய வேண்டுமென்றால் இயக்கமற்ற துணைப்புலம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காலவெளி நகர்வில் முடியும் உருமாற்றத்தைக் கண்ணால் காண விரும்பினால், கிரீன், ஸ்வார்ஸ் இருவரின் அமைப்புக்குப் போங்கள். அங்கே தீட்டா என்னும் காலவெளி ஸ்பைனர் எப்சிலான் அளவு நகர்கிறது, எக்ஸ் அதற்கேற்ப எப்சிலானும் தீட்டாவும் சேர்ந்த உறுப்பால் மாறுகிறது, கழித்துப் பார்த்தால் எக்ஸ் காலவெளியில் நகர்ந்திருக்கும். எந்த அமைப்பிலும், இரண்டு எப்சிலான்களை இடம் மாற்றும்போது நடுவில் ஒரு காமா அணி (இரு ஸ்பைனர்களை இணைத்து வெக்டராக்கும் அணி) உள்ள பெருக்கம் குறி மாறுவதை முதலில் தனித்தாளில் சரிபாருங்கள். அந்தக் குறி தவறினால் நகர்வே வராமல் விடை சுழியாகிவிடும்.