சில வரிகளிலிருந்து 54 எபிசோடு: கொரியத் தொடர்களும் வரலாறும், கேள்வி பதில்

புதுயுகம் டிவியில் கொரியத் தொடர்கள் தமிழ் பேசிய நாட்களில் எனக்குத் தொற்றிய பழக்கம் இது. கதைக்காகத்தான் உட்கார்ந்தேன். 'இது நிஜமாகவே நடந்ததா?' என்று ஒவ்வொன்றாகத் தேடப் போய், கொரிய எழுத்தைப் படிக்கக் கற்று, சோல் நகரத்துக்கும் ஒரு முறை போய் வந்துவிட்டேன். இந்தத் தொடர்களில் வரும் வரலாறு, பழக்கவழக்கம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அக்கா, 'தே ஜாங்கும்' பார்த்துவிட்டு மூன்று நாள் அதே நினைப்பு. ஜாங்கும் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

இருந்தார். 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் அரசர் காலத்து அரண்மனை மருத்துவப் பெண் அவர். அப்போது கொரியாவை ஆண்ட ஜோசோன் அரச வம்சத்தின் நாட்குறிப்பான 'சில்லோக்'கில் அவர் பெயர் சில இடங்களில் வருகிறது. 1515-ல் பிள்ளை பெற்ற அரசி இறந்துபோனபோது ஜாங்குமைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தியது ஒரு குறிப்பு. 1544-ல், சாகிற வருடம், 'என் நோய் அந்த மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும்' என்று அரசர் சொன்னது இன்னொன்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இதுதான். அவ்வளவு ஆண் வைத்தியர்கள் காத்திருக்கும் அரண்மனையில் ஓர் அரசர் இப்படிச் சொல்கிறார்.

மற்றபடி அவர் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை. சமையல்கட்டில் வளர்ந்தது, போட்டிச் சமையல், காதல் எல்லாம் எழுத்தாளரின் கற்பனை. இருக்கிற சில வரிகளிலிருந்து 54 எபிசோடு எடுத்திருக்கிறார்கள். சமையல்கட்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. தொடரில் எல்லாம் பெண்களாகத் தெரிந்தாலும், அரண்மனைச் சமையலில் ஆண் சமையல்காரர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது.

கேள்வி: நான் வரலாற்று ஆசிரியர். அந்தச் சில்லோக்கை எவ்வளவு நம்பலாம்? அரசர் தனக்குச் சாதகமாக எழுதச் சொல்லியிருக்க மாட்டாரா?

சார், நல்ல கேள்வி. அப்படி நடக்கக் கூடாது என்றுதான் அவர்கள் மெனக்கெட்டார்கள். அரசர் யாரைச் சந்தித்தாலும் பக்கத்தில் குறிப்பெழுதும் அதிகாரி உட்கார்ந்திருப்பார். தொடர்களில் சிம்மாசனத்துக்கு இருபுறமும் குனிந்தபடி எழுதிக்கொண்டே இருப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஓர் அரசர் இறந்த பிறகுதான் அந்தக் குறிப்புகளைத் தொகுப்பார்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அரசரே பார்க்கக் கூடாது.

ஒரு சம்பவம் சொன்னால் புரியும். 1404-ல் தேஜோங் அரசர் குதிரையில் போய் மானை நோக்கி அம்பு விட்டபோது குதிரை இடறி விழுந்தார். எழுந்ததும் இடமும் வலமும் பார்த்து, 'குறிப்பெழுதுகிறவருக்குத் தெரிய வேண்டாம்' என்றார். அவர் விழுந்ததோடு, அப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்! இந்தத் தேஜோங் சாதாரண ஆள் இல்லை. அரியணைக்காகத் தம்பிகளையே கொன்றவர். அவருக்கும் இதுதான் கதி.

இதே நூலை நான்கு ஊர்களில் நான்கு பிரதிகளாக வைத்திருந்தார்கள். 1592-ல் ஜப்பான் படையெடுத்தபோது மூன்று அழிந்துவிட்டன. ஜோன்ஜு என்ற ஊரில் இருந்த ஒரே பிரதியை ஆன் உய், சோன் ஹோங்-ரோக் என்ற இரண்டு உள்ளூர்ப் படிப்பாளிகள் நேஜாங் மலைக்குள் தூக்கிக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காவல் காத்தார்கள். அது இல்லையென்றால் ஜோசோன் அரசின் முதல் 200 ஆண்டுகளைப் பற்றி இன்று இவ்வளவு விவரமாகப் பேச முடியாது. 1392 முதல் 1863 வரை 472 ஆண்டுகள், 25 அரசர்கள். 1997-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். நவீனக் கொரிய மொழியாக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பிரதியைக் காத்த இரண்டு பேரைப் பற்றி யாராவது ஒரு முழுத் தொடர் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் அரசர் பற்றிய தொடரில் யாருமே அவரை 'செஜோங்' என்று கூப்பிடவில்லையே, ஏன்?

அது அவர் இறந்த பிறகு வைத்த பெயர். 'ஜோ', 'ஜோங்' என்று முடிவதெல்லாம் இறந்த அரசருக்குக் குலக்கோவிலில் வைக்கும் பெயர்கள். உயிரோடு இருக்கும்போது 'ஜோன்ஹா', அதாவது நம் 'அரசே'. பதவியிலிருந்து இறக்கப்பட்டவருக்கு அந்தப் பெயரும் கிடையாது. அதனால்தான் யோன்சான்குன், குவாங்ஹேகுன் இருவரும் 'குன்', அதாவது இளவரசர், என்றே நின்றுவிட்டார்கள்.

கேள்வி: ஓப்பா என்றால் அண்ணன் என்கிறார்கள். காதலனையும் ஓப்பா என்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா இதைக் கேட்டுவிட்டு டிவியை அணைக்கச் சொல்கிறார்!

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெண் தன்னைவிடக் கொஞ்சம் மூத்த ஆணை, நெருக்கம் இருந்தால், ஓப்பா என்பாள். கூடப் பிறந்த அண்ணனும் ஓப்பா, காதலனும் ஓப்பா. நம் ஊரில் மனைவி கணவனை 'மாமா' என்கிறாள், தாய்மாமனும் மாமாதான். அது போலத்தான். ஆண்கள் மூத்த ஆணை 'ஹியோங்' என்றும் மூத்த பெண்ணை 'நூனா' என்றும் அழைப்பார்கள். பெண்களுக்கு அக்கா 'ஒன்னி'. கூப்பிடுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து முறைப்பெயர் மாறும்.

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கில சப்டைட்டிலில் எல்லாரும் ஒரே 'யூ' ஆகிவிடுவார்கள். கொரிய மொழியில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே மரியாதை தெரியும். 'யோ' என்று முடிந்தால் நம் 'ங்க' மாதிரி. அது இல்லாமல் மொட்டையாக முடிந்தால் 'வா, போ' கணக்கு. காதலர்கள் 'இனிமேல் மரியாதை வேண்டாமே' என்று பேசிக்கொள்ளும் காட்சி ஏன் முக்கியம் என்று நமக்கு விளக்க வேண்டியதே இல்லை. 'பாப் மொகொஸ்ஸோ?' என்றால் 'சாப்பிட்டாச்சா?' அங்கேயும் அது சோறு பற்றிய கேள்வி மட்டும் இல்லை, நலம் விசாரிப்பு.

கேள்வி: குற்றவாளி அரசர் இருக்கும் திசையை வணங்கிவிட்டு விஷக் கிண்ணத்தைக் குடிக்கிறார். சாகிறவருக்கு எதற்கு இந்த மரியாதை?

அந்த விஷத்துக்குப் பெயர் 'சாயாக்', அரசர் அளித்த மருந்து. உடம்பு அப்பா அம்மா கொடுத்தது, அதைச் சிதைக்கக் கூடாது என்பது கன்ஃபூஷிய நம்பிக்கை. தலையை வெட்டினால் உடம்பு இரண்டாகிவிடும். முழு உடம்போடு சாக விடுவது உயர்குடிக்குக் காட்டிய சலுகை. சுக்ஜோங் அரசரின் துணைவி ஜாங் ஹுய்-பின் 1701-ல் இப்படி இறந்ததாகத்தான் தொடர்கள் காட்டும்.

கேள்வி: அதிகாரிகள் சிவப்பு, நீலம், பச்சை என்று அணிகிறார்களே, அதற்குக் கணக்கு உண்டா?

உண்டு. மேல்மட்டத்துக்குச் சிவப்பு, அடுத்து நீலம், அதற்கும் கீழே பச்சை. மார்பில் தைத்த சதுரத்தில் கொக்கு இருந்தால் படித்துத் தேறிய அதிகாரி, புலி இருந்தால் படைத்தலைவர்.

சோலில் கியோங்போக் அரண்மனைக்குப் போனபோது சிம்மாசன மண்டபத்தின் முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். நடுப்பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கற்கள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் படிநிலை அதிகாரி எங்கே நிற்க வேண்டும் என்று சீன எழுத்தில் செதுக்கியிருக்கிறது. கிழக்கு வரிசை எழுத்து அதிகாரிகளுக்கு, மேற்கு படை அதிகாரிகளுக்கு. இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்துச் சொன்னதுதான் 'யாங்பான்', இரு அணி. அதுவே பிறகு மேட்டுக்குடிச் சாதியின் பெயராகிவிட்டது. கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், மண்டபம் அவ்வளவு தூரத்தில் தெரிந்தது. அங்கே நிற்கிற ஒன்பதாம் படி அதிகாரிக்கு அரசர் முகம் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. சட்டப்படி அந்தச் சாதி அடுக்கு ஒழிந்தது 1894-ல்தான்.

கேள்வி: 'ஆழ வேரூன்றிய மரம்' தொடரில் எழுத்தை உருவாக்குவதற்குக் கொலை வரைக்கும் போகிறார்களே, ஓர் எழுத்துக்கு அவ்வளவு எதிர்ப்பா?

கொலைகள் கற்பனை, எதிர்ப்பு நிஜம். செஜோங் 1443-ல் 28 எழுத்துகளை உருவாக்கி 1446-ல் அறிவித்தார். நடுவில், 1444-ல், சோய் மன்-ரி என்ற அறிஞர் கடுமையான எதிர்ப்பு மனு கொடுத்தார். சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் வாதம்.

அந்த எழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'ந' ஒலிக்கான எழுத்து அச்சு அசல் நம் 'ட' மாதிரி இருக்கும். 'ந' சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேலே வளைந்து பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது இல்லையா? அந்த வளைவைத்தான் பக்கவாட்டில் வரைந்திருக்கிறார்கள். அதே 'ட'வைத் தலைகீழாகத் திருப்பினால் 'க'. நாக்கின் அடிப்பாகம் தொண்டையை அடைக்கும் வடிவம். நம் 'ப'வின் தலையை ஒரு கோடு போட்டு மூடினால் 'ம', அது வாய். உருவத்துக்கான இந்த விளக்கத்தோடு உள்ள மூலநூல் 1940-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த எழுத்துகளை ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். சும்மா சொல்லவில்லை, நான் அப்படித்தான் படித்தேன்.

கேள்வி: கொரிய ராணி தமிழச்சி என்று வாட்சப்பில் வருகிறதே, உண்மையா?

'சாம்குக் யூசா' என்ற 13-ம் நூற்றாண்டு நூல் சொல்வது இதுதான்: கி.பி. 48-ல் 'ஆயுத்தா' நாட்டிலிருந்து ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கப்பலில் வந்து கயா நாட்டு அரசர் சூரோவை மணந்தார். 2010-ல் வந்த 'கிம் சூரோ' தொடரிலும் அவர் வருகிறார். ஆயுத்தா என்றால் அயோத்தி என்று சிலர், கன்னியாகுமரிப் பக்கம் ஆய் நாடு என்று நம்மவர்களில் சிலர். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் நூல் எழுதிய காலத்துக்கும் நடுவே 1,200 வருடம். இதை வைத்து எந்த ஊரையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மொழி ஒற்றுமையைப் பற்றி ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே ஒரு புத்தகம் போட்டார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான். அப்பாவை அவர்களும் 'அப்பா' என்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஒற்றுமையை ரசிக்கலாம், சொந்தம் கொண்டாட வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: தவறாகக் காட்டினால் கொரியர்கள் சும்மா விடுவார்களா?

விட மாட்டார்கள். 2021-ல் 'ஜோசோன் எக்சார்சிஸ்ட்' தொடரில் ஜோசோன் கால விருந்தில் சீனப் பலகாரங்களை வைத்தார்கள். கொதித்துப்போன மக்கள் விளம்பரம் கொடுத்த நிறுவனங்களையே கேள்வி கேட்டார்கள், விளம்பரங்கள் விலகின, இரண்டே எபிசோடில் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: ராஜா ராணி போதும் அண்ணி, சமீப கால வரலாறு தெரிய எதைப் பார்க்கலாம்?

தம்பி, 'ரிப்ளை 1988' பாருங்கள். சோலின் சங்முன்-தோங் என்ற பகுதியில் ஒரே சந்தில் ஐந்து குடும்பங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை ஒரு கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடும், அங்கிருந்து வேறொரு கிண்ணத்தோடு திரும்பும். நம் தெருவில் நடப்பதுதான். தரையைச் சூடாக்கத் துளைபோட்ட நிலக்கரிக் கட்டிகளை எரிப்பார்கள். அதன் புகை அறைக்குள் கசிந்து தூக்கத்திலேயே எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். தப்பித்தவர்களுக்கு முள்ளங்கிக் கிம்ச்சியின் குளிர்ந்த நீரைக் குடிக்கக் கொடுப்பது அந்தக் காலத்துக் கைவைத்தியம்.

அப்புறம் 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்'. 1997 பொருளாதார நெருக்கடியில் கதாநாயகனின் குடும்பம் நொடித்துப்போகும், கதாநாயகியின் பள்ளி வாள்வீச்சு அணியைக் கலைத்துவிடுவார்கள். நாட்டுக் கடனை அடைக்க அப்போது கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரம் என்று சுமார் 35 லட்சம் பேர் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 227 டன்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்க வேண்டியது 'யூத் ஆஃப் மே'. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்டவர்கள் மீது ராணுவம் சுட்டது. பல வருடங்கள் அதைப் பற்றி வாயே திறக்க முடியாது. 1995-ல் 'மணல் கடிகாரம்' என்ற தொடர் அதைக் காட்டியபோது ஜனங்கள் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு ஓடினார்கள், தெருக்கள் வெறிச்சோடின. 1980-ல் ராணுவத் தலைமையில் இருந்து பிறகு அதிபர்களான சுன் டூ-ஹ்வான், ரோ டே-வூ இருவரும் அதே வருடக் கடைசியில் கைதானார்கள்.

கேள்வி: ஜாங்கும் காலத்தில் கிம்ச்சி ஏன் வெள்ளையாக இருக்கிறது?

மிளகாய் அப்போது கொரியாவுக்கு வந்திருக்கவில்லை. நமக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதானே.

கேள்வி: நேரம் குறைவு. ஒரே ஒரு சரித்திரத் தொடர் சொல்லுங்கள்.

'தி ரெட் ஸ்லீவ்', 2021, 17 எபிசோடு. பார்ப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யோங்ஜோ அரசர் 1762-ல் தன் மகன் சாதோவை அரிசி கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள் அடைத்தார். எட்டாம் நாள் அவர் உள்ளேயே இறந்தார். சாதோவின் பிள்ளைதான் இந்தத் தொடரின் நாயகன், பின்னாளில் ஜோங்ஜோ அரசர். அவர் நேசித்த அரண்மனைப் பெண் சோங் அவரை இரண்டு முறை மறுத்தார். இதை அரசரே அவரது கல்லறைக்காக எழுதிய குறிப்பில் சொல்லியிருக்கிறார். முதல் முறை, அரசிக்கு இன்னும் குழந்தை இல்லையே என்று அழுது மறுத்தாராம். பதினைந்து வருடம் கழித்துக் கேட்டபோதும் மறுப்பு. பிறகு சம்மதித்து, பெற்ற மகனை 1786-ல் பறிகொடுத்து, அதே வருடம் தானும் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனார். கடைசி எபிசோடு முடிந்ததும் அந்தக் கல்லறைக் குறிப்பின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படியுங்கள். எழுதியவர் அரசர் என்பதே மறந்துபோகும்.