இன்டர்வியூவில் நன்றாகப் பேசும் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஆபரேட்டர், மெஷினில் தடுமாறுகிறார். சிறு ஒர்க்‌ஷாப்புக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "அங்கிருந்து ஏன் நின்றீர்கள்" என்று கேட்டுத்தான் எடுத்திருப்பீர்கள். அதில் தெரிவது வாய்ப்பேச்சு மட்டும்.

அடுத்த முறை மேஜையில் ஒரு டிராயிங் வையுங்கள்: ஷாஃப்ட், விட்டம் 22 மி.மீ., எச்7 (சின்ன எச்; எவ்வளவு குறையலாம் என்பதற்கான குறியீடு). கூடவே கடைந்த பீஸ், 0.02 மி.மீ. வெர்னியர், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், டாலரன்ஸ் சார்ட் (அனுமதிக்கும் அளவு வித்தியாசங்களின் அட்டவணை). சார்ட்டை மனப்பாடமாகக் கேட்காதீர்கள், அது திறமை இல்லை. "இந்தப் பீஸ் ஓகேவா?" என்பது மட்டும்தான் கேள்வி.

சார்ட்படி 21.979 முதல் 22.000 வரை போகலாம், அதாவது 21 மைக்ரான் (ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). வெர்னியரின் ஒரு கோடே 20 மைக்ரான். அதை எடுத்து அளந்தால் 1 மார்க். மைக்ரோமீட்டர் எடுத்து, ஜீரோ பார்க்காமல் அளந்தால் 3. துடைத்து, ஜீரோ பார்த்து, ராட்செட்டால் (ஒரே அழுத்தத்தில் இறுக்கும் திருகு) மூடி, பீஸின் இரு முனையிலும் அளந்து டேப்பர் (ஒரு முனை பெருத்து, மறுமுனை சிறுத்திருப்பது) பார்த்தால் 5. இந்த மார்க் விவரத்தை முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

பிறகு இதைக் கேளுங்கள்: "இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றியதும் முதல் பீஸ் 22.04 வருகிறது. என்ன செய்வீர்கள்?" புரோகிராமில் கை வைப்பேன் என்பவர் வேண்டாம். வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கு மெஷினில் திருத்தம் போடும் இடம்) எக்ஸ், அதாவது விட்டத்தில், மைனஸ் 0.04 என்பவர் பாதி சரி. அது 22.00-இல், விளிம்பில் நிற்கும். இன்சர்ட் தேயத் தேய விட்டம் கூடும் என்பதால் சீக்கிரமே ரிஜெக்ட் வரும். மைனஸ் 0.05 போட்டு 21.99-க்குக் கொண்டுவருபவர் ஓட்டிப் பழகியவர்.

எல்லோருக்கும் அதே பீஸ், அதே கேள்வி. இருவர் தனித்தனியாக மார்க் போட்ட பிறகே பேசிக்கொள்ளுங்கள். முதலில் முதலாளி வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் மார்க்கும் அதே பக்கம் சாயும். இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கும் பின்னால் வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள தொடர்பு 0.42 (முழுத் தொடர்பு என்றால் 1), மனம்போன போக்கில் நடத்துவதற்கு 0.19 என்று 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட் குழுவின் ஆய்வு சொல்கிறது.

"ஆள் கிடைப்பதே பாடு, இதில் பரீட்சை வேறா?" என்பீர்கள். மொத்தம் 20 நிமிடம்தான் ஆகும். பதற்றத்தில் கை நடுங்கினால் இரண்டாவது முறை அளக்க விடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'டிரயல்' என்று முழு ஷிஃப்ட் புரொடக்‌ஷன் எடுத்துவிட்டுச் சம்பளம் தராமல் அனுப்புவது, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டுவது, இரண்டும் அநியாயம். டிரயல் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு ஒரிஜினலை அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.