ரத்தம் நின்றுவிட்டது, டெஸ்ட்டும் நார்மல்: கொலைட்டிஸ் மறுபடி வருமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 34. ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண்). அதற்கு மெசலமைன் மாத்திரை தினம் 2.4 கிராம். ஒன்றரை வருடமாக ரத்தம் இல்லை. போன வாரம் பார்த்த இஎஸ்ஆர், சிஆர்பி (அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்) இரண்டும் நார்மல். இனி வராது என்று இருக்கலாமா? வருவதாக இருந்தால் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?"

வராது என்று இருக்க முடியாது. முன்பே தெரிந்துகொள்ள ஓரளவு வழி உண்டு, ஆனால் நீங்கள் எடுத்த டெஸ்ட் அதற்கு உதவாது. இந்த நோயில் புண் பெருங்குடலின் உள்சவ்வோடு நின்றுவிடும், அதனால் மோஷனில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே பலருக்கு சிஆர்பி நார்மலாக வருவதுண்டு. நார்மல் என்று பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய டெஸ்ட், மலத்தில் பார்க்கும் கால்ப்ரோடெக்டின். குடல் சவ்வில் அழற்சி கிளம்பினால் வெள்ளை அணுக்கள் அங்கே வந்து கூடும், அவற்றுக்குள் இருக்கிற இந்தப் புரதம் மலத்தோடு வெளியே வரும். ரத்தம் கண்ணில் படுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஏறத் தொடங்கிவிடுவது பலரிடம் பார்க்கிறோம். உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு கிராம் மலத்தில் 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 250 தாண்டினால் யோசிக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுப்போக்குக் கிருமி, வலி மாத்திரை, இவையும் அதை ஏற்றும். சில வாரம் விட்டு மறுபடி எடுத்து, அப்போதும் ஏறியே இருந்தால்தான் கணக்கு. ஒரே லேபில் கொடுங்கள், காலையில் போகும் முதல் மோஷனைக் கொடுங்கள். உங்களைப் போல நன்றாக இருப்பவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து வருடத்துக்குள் ஒரு தடவை பார்த்தால் போதும். ஊரில் எடுக்கும் மாதிரியைப் பெரும்பாலும் வெளியூருக்குத்தான் அனுப்புவார்கள், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கடைசியாகப் பார்த்த கொலனோஸ்கோபி (கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) ரிப்போர்ட்டை எடுத்து வையுங்கள். அதில் மேயோ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், சவ்வு எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. 0 என்றால் நல்லது. 1 என்றால், சவ்வு லேசாகச் சிவந்து இன்னும் முழுசாக ஆறவில்லை, திரும்ப வர வாய்ப்பு கூடுதல். கேமராவில் சுத்தமாகத் தெரிந்து, பயாப்சியில் (சவ்வில் துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) மட்டும் அழற்சி மிச்சம் இருப்பவர்களும் உண்டு, அவர்களையும் நாங்கள் கொஞ்சம் உஷாராகவே பார்ப்போம். இதற்கு முன் அடிக்கடி வந்திருக்கிறதா என்பதும் முக்கியம், அதை நீங்கள் எழுதவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, என் கணக்கில் எல்லா டெஸ்ட்டையும் விடப் பெரிய ஜோசியம் உங்கள் மாத்திரை அட்டைதான். அமெரிக்காவில் நோய் அடங்கியிருந்த 99 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களில் 89 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள், விட்டு விட்டுப் போட்டவர்களில் 39 சதவீதம் பேர்தான். ஒழுங்கு என்று அவர்கள் வைத்த அளவு 80 சதவீதம், அதாவது மாதத்தில் 24 நாள். நைட் ஷிப்ட் வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது என்று உண்மையாக எண்ணிப் பாருங்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்துப் போட்டால் ராத்திரி மாத்திரைதான் விட்டுப்போகும். மெசலமைனை நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே வேளையில் போட்டாலும் அதே பலன், உங்கள் டாக்டரிடம் கேட்டு அப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பொடித்துப் போடக் கூடாது. வருடம் ஒருமுறை கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்) பாருங்கள், மெசலமைன் அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி தண்ணீரில் ஃப்ளோரைடு, அதனால் மூட்டுவலி வீட்டுக்கு வீடு, மெடிக்கலில் டைக்ளோபெனாக் வலி மாத்திரை டாக்டர் சீட்டு கேட்காமலே கிடைக்கும். சிலருக்கு அது கொலைட்டிஸைக் கிளப்பிவிடும். உங்கள் வயதில் முட்டியோ கணுக்காலோ புதிதாக வீங்கி வலித்தால் ஃப்ளோரைடு என்று முடிவுகட்டாதீர்கள், கொலைட்டிஸே மூட்டில் இறங்கியிருக்கலாம். டாக்டரிடம் காட்டும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போதும். களியும் மாம்பழமும் நோயைத் திரும்பக் கொண்டுவருவதில்லை, ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள்.

கால்ப்ரோடெக்டின் இரண்டு தடவையும் ஏறியிருந்தால் நீங்களாக மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், பழைய ஸ்டீராய்டு மிச்சத்தைத் தேடவும் வேண்டாம். டாக்டரிடம் போனால் மெசலமைன் அளவைக் கூட்டுவார், அல்லது கீழே எனிமா சேர்ப்பார், சந்தேகமிருந்தால் கேமரா விட்டுப் பார்ப்பார். இதற்கு நாள் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால், டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.