மண்ணில் விழுவதும் விழவைப்பதும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு மீட்டிங்கில் மேலாளர் என்னை எழுப்பி நிற்கவைத்து, எல்லோர் முன்னிலையிலும் என் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்தார். கொஞ்ச நாள் கழித்து ஆபீஸில் ஒரு பயிற்சி வகுப்பு. வந்திருந்த பேச்சாளர், ஹ்யுமிலிட்டி (பணிவு), ஹ்யுமிலியேஷன் (அவமானம்) இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அவமானப்பட்டவனுக்குத்தான் பணிவு வரும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அகராதியைப் பார்த்தேன், வேர் ஒன்றுதான். அப்படியானால் நான் மேலாளருக்கு நன்றி சொல்ல வேண்டுமா? தவறை ஒப்புக்கொண்டு தலைகுனிவதை 'ஹம்பிள் பை' சாப்பிடுவது என்கிறார்களே, அதுவும் இதே வேரா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பி,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். கவலை வேண்டாம்.

பேச்சாளர் சொன்னதில் பாதி சரி. லத்தீனில் 'ஹ்யூமுஸ்' என்றால் மண், தரை. தரையோடு தாழ்ந்து கிடப்பது 'ஹ்யூமிலிஸ்'. இரண்டு சொற்களும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் வேரை மட்டும் தோண்டிக் காட்டிவிட்டு, அந்தச் சொல் அப்புறம் என்ன பாடுபட்டது என்று சொல்லாமல் மேடையை விட்டு இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்களும்தான் என்ன? வேரைப் பார்த்ததும் அகராதியை மூடிவிட்டீர்கள். இன்னும் நாலு வரி படித்திருக்கலாமே?

1919ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் இந்தச் சொல்தான் வழியை மறிக்கிறது. அதனால் உங்கள் மேலாளர் சற்றுக் காத்திருக்கட்டும்.

ஹ்யுமிலியேஷன் என்பது வெகுகாலம் ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்வதாகவே இருந்தது. கடவுள் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது. கிறிஸ்து மனிதனாகப் பிறந்து சிலுவையில் மாண்டதை இறையியலில் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். தனி ஆள் மட்டுமல்ல, அரசே நாள் குறித்து இதைச் செய்தது. 1642 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை உபவாசத்துக்கும் ஹ்யுமிலியேஷனுக்கும் ஒதுக்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன், 1863 ஏப்ரல் 30ஐ தேசத்தின் ஹ்யுமிலியேஷன் நாளாக அறிவித்தார். இன்று ஒரு அதிபர் அப்படி அறிவித்தால் அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள். ஏனென்றால், ஒருவன் இன்னொருவனைச் சிறுமைப்படுத்துவது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் மெல்லத் தலைகாட்டி, பழைய பொருளைத் தின்றுவிட்டது. ஜப்பானின் கோரிக்கைகளுக்குச் சீனா பணிந்த 1915 மே 9ஐச் சீனர்கள் தேசிய அவமான நாள் என்றார்கள். அதையும் ஆங்கிலத்தில் ஹ்யுமிலியேஷன் நாள் என்றே எழுதுகிறார்கள். லிங்கனின் நாளில் தேசம் தானாக மண்டியிட்டது. இந்த நாளில் அடுத்தவன் அதன் தலையை அமுக்கினான்.

பழைய பொருளை நினைத்து உருகவும் வேண்டாம். 1853இல் காலரா பயம் வந்தபோது எடின்பரோ சபைக் குருமார்கள், அரசு உபவாச நாள் அறிவிக்குமா என்று கேட்டார்கள். உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டன், முதலில் ஏழைகள் குடியிருக்கும் இடங்களைச் சுத்தம் செய்யுங்கள் என்று பதில் எழுதினார். எனக்குப் பிடித்த ஆள் இல்லை, ஆனால் அந்தப் பதில் பிடிக்கும். அப்புறம் 1857 அக்டோபர் 7. இந்தியச் சிப்பாய்களின் எழுச்சியை ஒட்டி பிரிட்டன் முழுக்க ஹ்யுமிலியேஷன் நாள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 23 வயதுப் போதகர் ஸ்பர்ஜனின் பிரசங்கத்தைக் கேட்க 23,654 பேர் வந்தார்கள். தன் நாட்டின் பாவங்களையும் அவர் சொல்லத்தான் செய்தார். அதே மூச்சில், கலகக்காரர்களுக்கு மரண தண்டனையும் கேட்டார். பெஷாவரில் ஜூன் மாதமே சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டிருந்தார்கள். மேலே பார்த்து மண்டியிட்டுக்கொண்டே கீழே இருப்பவனை மிதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்போது 1919. விசாரணையில்லாமல் சிறைவைக்க அரசுக்கு வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து என்ன செய்வது என்று காந்தி சென்னையில் தங்கி யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு விடிகாலை, தூக்கமும் விழிப்புமான நேரத்தில் ஹர்த்தால் யோசனை தோன்றியதாக ராஜாஜியிடம் சொன்னார். மார்ச் 23 தேதியிட்டு அவர் பத்திரிகைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தில், அந்த ஹர்த்தால் நாளை 'ஹ்யுமிலியேஷனும் பிரார்த்தனையுமான நாள்' என்று சொல்கிறார். 24 மணி நேர உபவாசம், வேலை நிறுத்தம். சர்ச்சின் பழைய சொற்றொடரை அப்படியே எடுத்து, அதை உண்டாக்கியவர்களின் ஆட்சியை எதிர்த்தே நிறுத்துகிறார். ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடைகள் மூடின.

ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் கூச்சா குர்ரிச்சான் என்ற சந்தில், மார்செல்லா ஷெர்வுட் என்ற மிஷன் ஆசிரியை தாக்கப்பட்டார். அடித்தது இந்தியர்கள், தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்றியதும் இந்தியர்கள். 13ஆம் தேதி ஜாலியன்வாலா பாக். 19ஆம் தேதி ஜெனரல் டயர் ஒரு ஆணை போட்டார்: அந்தச் சந்து வழியாகப் போகும் இந்தியர்கள் ஊர்ந்துதான் போக வேண்டும். காவலுக்குத் துப்பாக்கியோடு சிப்பாய்கள். சந்தில் குடியிருந்தவர்களுக்கும் விலக்கு கிடையாது. வயிறு தரையில் தேய வேண்டும். லத்தீன் வேரை இவ்வளவு அச்சு அசலாக நடத்திக் காட்டியவர் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை!

இந்தியர்கள் தங்கள் சாமி முன்னால் விழுந்து ஊர்கிறார்களே, ஒரு ஆங்கிலேயப் பெண்ணும் அவ்வளவு புனிதம் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என டயர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உங்கள் பயிற்சிப் பேச்சாளரின் வாதமும் இதேதான், தம்பி. விழுவது ஒன்றுதானே என்கிறார். கோவில் பிராகாரத்தில் அங்கப்பிரதட்சிணம் செய்கிறவரும் மண்ணில்தான் புரள்கிறார். அவர் நினைத்தால் பாதியில் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சந்தில் ஊர்ந்தவரால் அது முடியுமா? ஒரே மாதம், ஒரே நாடு. ஏப்ரல் 6 அன்று தானாகத் தாழ்ந்த மக்களை ஏப்ரல் 19 அன்று தரையில் தள்ளுகிறார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அதை வைத்துக்கொண்டு ஒருவர் உங்களுக்குப் பணிவு போதிக்கிறார், நீங்கள் எல்லோரும் கைதட்டுகிறீர்கள்!

இந்த ஊர்தல் ஆணைக்கு முன்னால் ஜாலியன்வாலா பாக் படுகொலையே தன் கண்ணுக்குச் சிறிதாகிவிட்டது என்று காந்தி சுயசரிதையில் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செத்தவர்களின் வீட்டில் போய் அதைச் சொல்ல முடியாது.

சரி, உங்கள் மேலாளர். நன்றியெல்லாம் வேண்டாம். போரில் பிடிபட்டவனைக்கூட இழிவுபடுத்தக் கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கைகளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் யார் இருந்தார்கள் என்று எழுதி மனிதவளத் துறைக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் போதும். உங்கள் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, அவரும் அதைச் சபையில் வைத்துக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஹம்பிள் பைக்கு இது வேர் கிடையாது. மானின் ஈரல், குடல் வகையறாவுக்கு 'அம்பிள்ஸ்' என்று பெயர். அதை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டத்தின் பெயர் காதுக்கு ஹம்பிள் போலக் கேட்கவே சிலேடையாக ஒட்டிக்கொண்டது. உங்கள் பேச்சாளரிடம் இதையும் சொல்லிவிடுங்கள், அடுத்த வகுப்பில் அதற்கும் ஒரு தத்துவம் சொல்லிவைக்கப் போகிறார்.